சத்தம் போட்ட பீங்கான்

அத்தியாயம் 14

மூடின பீங்கானோடு ஒரு பெண் தெருவில் போனால், அவளை யாரும் ‘எங்கே போறீங்க’ என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. யார் வீட்டிலாவது பிள்ளை பிறந்திருக்கும், இல்லை யாருக்காவது சுகமில்லாமல் இருக்கும், அதுவும் இல்லாவிட்டால் வீட்டில் அவித்த வட்டிலப்பம் கூடிப்போயிருக்கும். பார்க்கிறவர்கள் சலாம் சொல்லிவிட்டு, துணிக்குக் கீழே என்ன இருக்கும் என்று மட்டும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இந்த ஒரு ஊர் வழக்கத்தை நம்பித்தான் ஜுனைதா நாலு மாதமாக நடந்துகொண்டிருந்தாள். அவள் பீங்கானில் ஒன்றுமே இருக்கவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்றாறாம் வருஷம் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஒருநாள், ஜுனைதா குசினியில் அடுப்புக்கு முன்னால் மயங்கி விழுந்தாள். கிளினிக்கில் பிரஷர் பார்த்த சிங்கள டாக்டரம்மா, கருவியை ஒருமுறை சந்தேகப்பட்டு, திரும்பவும் பார்த்தார். மாத்திரை எழுதினார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, அவளை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

“பகல் சாப்பாடு எங்க உக்காந்து சாப்பிடுவீங்க?”

ஜுனைதா யோசித்துப் பார்த்தாள். நாற்பத்தேழு வயதில், தான் உட்கார்ந்து பகல் சாப்பாடு சாப்பிட்டது கடைசியாக எப்போது என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அடுப்படியில் நின்றபடி, சட்டியில் மிஞ்சினதை வழித்துச் சாப்பிடுவதுதான் வழக்கம்.

டாக்டரம்மா பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. உட்கார்ந்து சாப்பிடு, உப்பைக் குறை, தண்ணீரை மறக்காதே, இஷா தொழுகைக்குப் பிறகு தூங்கப் போ என்றார். இதெல்லாம் கதவுக்கு உள்ளே செய்கிற காரியங்கள். ஜுனைதா அன்றிலிருந்தே தொடங்கிவிட்டாள். சிக்கல் வந்தது கடைசியாகச் சொன்னதில்தான். தினமும் அரை மணி நடக்கவேண்டும். வேலைக்குப் போகிற நடை இல்லை. “நிகங் எவிதின்ன,” என்றார். சும்மா நடங்க.

சும்மா. அந்தத் தெருவில் ஆம்பிளைகளே சும்மா நடப்பது கிடையாது.

“நடக்கவா? குசினிக்கும் கிணத்தடிக்கும் நடக்கிறது போதாதா?” என்று கேட்டுவிட்டு, கணவன் முத்தலிப் பலாபத்வலைக்கு மிளகு வாங்கப் போய்விட்டார்.

ஜுனைதா அன்று மாலையே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெறுங்கையோடு இறங்கிப் பார்த்தாள். லைட் கம்பம் வரைக்கும் போவதற்குள் மூன்று பேர் எங்கே என்று கேட்டார்கள். முதலில் கேட்ட பெண்ணுக்கு ‘சும்மா’ என்றாள். அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, “வீட்டு நானாவோட ஏதும் பிரச்சினையா?” என்றாள். மூன்றாவது ஆள் ஆட்டோவை நிறுத்தி, ஏறச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தான். வீட்டுக்குத் திரும்பினபோது முன்னைவிடத் தலை சுற்றியது.

மறுநாள்தான் பீங்கான் யோசனை வந்தது. மணி கோத்த மூடுதுணியை வெறும் பீங்கான் மேல் போட்டால் தட்டையாகத் தெரிந்தது. அதனால் உள்ளே ஒரு கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். எடுப்பாக வந்தது. நடக்கும்போது கோப்பை ஆடி ‘கிணுங் கிணுங்’ என்று சத்தம் போடும். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் கதையில் அவள் செய்த பிழை அதுதான்.

வீட்டிலிருந்து ஸக்கரியா ஹாஜியார் வீட்டு கேட் வரைக்கும் சரியாகப் பதினைந்து நிமிஷம். திரும்ப வர இன்னொரு பதினைந்து. கேட்டுக்கு வெளியே நிற்கிற ஜம்பு மரத்தடியில் நின்று, டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த மாதிரி ஆழமாக ரெண்டு மூச்சு விடுவாள். பிறகு திரும்பிவிடுவாள்.

வழியில் தடை போட்டு நின்ற பொலிஸ் சார்ஜன் மட்டும்தான் முதல் நாளே அவளைப் பிடித்துக்கொண்டார். யுத்தம் நடந்த அந்த நாட்களில் யார் எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் திறந்து காட்டித்தான் போகவேண்டும். வயிறு தள்ளின நடுவயது மனிதர். துணியைத் தூக்கினார். கவிழ்த்த கோப்பையைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனார். துவக்கு நுனியால் அதை மெதுவாகப் புரட்டினார். ஒன்றும் இல்லை.

“அம்மே, கோஹெத?” எங்கே போறீங்க.

“நிகங்,” என்றாள் ஜுனைதா. பிறகு டாக்டரம்மா, பிரஷர், ஊர் வாய் எல்லாவற்றையும் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கொட்டிவிட்டாள். சார்ஜன் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். அவருக்கும் பிரஷராம். அவருக்கும் நடக்கச் சொல்லியிருக்கிறார்களாம். தடையை விட்டு எங்கே நடப்பது என்று சிரித்தார். அன்றிலிருந்து தூரத்தில் சத்தம் கேட்டாலே கையைக் காட்டிப் போகச் சொல்லிவிடுவார்.

நாலு மாதத்தில் பிரஷர் இறங்கியது. தூக்கம் வந்தது. எரிச்சல் போனது. ஒரு நாளில் இருபத்துமூன்றரை மணி மற்றவர்களுக்கு என்று இருந்தவளுக்கு, அரை மணி தனக்கு என்று கிடைத்தது.

அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. நேற்று ஸக்கரியா ஹாஜியார் முத்தலிப்பின் கடைக்கு போன் எடுத்து, “நாளைக்கு அஸர் தொழுகைக்குப் பொறகு நாங்க வீட்டுக்கு வாறோம். விஷயம் ஒங்களுக்கும் தெரிஞ்சதுதானே. பீங்கானுக்குப் பதில் பீங்கான் கொண்டு வாறோம்,” என்றிருந்தார்.

அவருக்கு ஹுசைன் என்று ஒரு மகன். ஜுனைதாவுக்கு ஆஸியா என்று ஒரு மகள். இதற்கு மேல் விளக்கவேண்டியதில்லை.

*

காலையில் ஆஸியா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுகிற வேகத்தைப் பார்த்தே கோபம் எவ்வளவு என்று தெரிந்தது. இருபத்தொரு வயது. ஆசிரியர் கலாசாலைக்குத் தெரிவான கடிதம் போன கிழமைதான் வந்திருந்தது.

“உம்மா, நான் ஒங்களுக்கு அவ்வளவு பாரமா?”

“என்ன புள்ள பேசுற?”

“நாலு மாசமா அந்த வீட்டுக் கேட்டு வரைக்கும் பீங்கானத் தூக்கிட்டுப் போயிருக்கீங்க. உள்ள போகத் தைரியமில்லாம திரும்பி வந்திருக்கீங்க. அந்த ஹாஜியார் பள்ளிவாசல்ல சொல்லிச் சொல்லி உருகுறாராம். என்னைக் கட்டிக்கொடுக்க நீங்க வாசல்ல போய் நின்ன கதை, எல்லாருக்கும் தெரிஞ்ச பொறகு எனக்குத் தெரியுது.”

“அது ஒனக்காக இல்ல ஆஸியா. நான் நடக்கப் போனேன்.”

“பீங்கானோடயா?”

“பீங்கான் இல்லாட்டி எங்க போறேன்னு கேக்குறாங்க.”

“சரி, உள்ள என்ன கொண்டு போனீங்க?”

“ஒண்ணுமில்ல. ஒரு கோப்பை. கவுத்து வெச்சது.”

ஆஸியா துருவுவதை நிறுத்தினாள். உம்மாவின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

“உம்மா, ஒங்களுக்குப் பொய் சொல்ல வராது,” என்றாள் மெதுவாக. “முயற்சி பண்ணாதீங்க. பாவமா இருக்கு.”

உண்மையைச் சொல்லி இப்படிப் பொய்க்காரியான கொடுமையை ஜுனைதா எங்கே போய்ச் சொல்வாள்? ஆஸியா தேங்காய்ப் பூவை அப்படியே வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவு சாத்தின சத்தம், மத்தியானம் வரைக்கும் ஜுனைதாவின் காதில் இருந்தது.

அன்று பகல் சாப்பாட்டை அவள் நின்றபடிதான் சாப்பிட்டாள். நாலு மாதத்தில் முதல் தடவை.

முத்தலிப் கடையை நேரத்தோடு அடைத்துவிட்டு வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம். மனிதர் என்னவோ கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி இருந்தார்.

“இவங்க வாறது ஒங்களுக்குச் சந்தோஷமா?” என்று ஜுனைதா கேட்டாள்.

“ஏன், சங்கடப்பட என்ன இருக்கு?” என்றார் அவர். “நீதானே அழைச்சிருக்க.”

அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடின மாதிரி இருந்தது. அவள் அதைச் சரியாகப் பார்ப்பதற்குள் அவர் நாற்காலிகளைத் தட்டப் போய்விட்டார்.

*

அஸருக்குப் பிறகு, அவள் வழக்கமாகச் செருப்பை மாட்டுகிற அதே நேரத்தில், ஸக்கரியா ஹாஜியாரும் அவர் மனைவி கைறுன்னிஸாவும் வந்து இறங்கினார்கள். கைறுன்னிஸாவின் கையில் பெரிய பீங்கான். பச்சைப் பட்டுத் துணி போட்டு மூடியிருந்தது. அதை அவள் மேசையில் வைத்தபோது கொஞ்சமும் சத்தம் வரவில்லை. நிறைந்த பீங்கான் அப்படித்தான்.

சலாம் முடிந்தது, சுகம் விசாரித்தது முடிந்தது, பிளேன்டீ வந்தது. ஹாஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உள்ள அவசரம் அவருக்கும் உண்டு.

“முத்தலிப், நான் ஒளிவுமறைவு இல்லாமப் பேசுறேன். தெனமும் அஸர் முடிஞ்சு நான் வெராண்டாவுல பேப்பரோட உக்காருவேன். தங்கச்சி வரும். கேட்டுக்கிட்ட நிக்கும். ரெண்டு பெருமூச்சு விடும். மறுகா திரும்பிப் போகும். எனக்கு நெஞ்சு கரைஞ்சு போச்சு. பொம்பளப் புள்ளயப் பெத்த ஒரு தாய், வாய் தொறந்து கேக்க வெக்கப்பட்டு, தெனமும் வந்து வந்து போகுதே.”

ஜுனைதாவுக்குக் காது சூடானது. அந்த ரெண்டு பெருமூச்சையும் டாக்டரம்மா எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

“இவ என்னைக் கொஞ்சம் பொறுக்கத்தான் சொன்னா,” என்று ஹாஜியார் மனைவியைக் காட்டினார். “நான்தான், இன்னும் எத்தன நாளைக்கு அந்தத் தங்கச்சிய நடக்க வெக்கிறதுன்னு கெளம்பிட்டேன். ஹுசைன் பல்லேபொலயில கணக்குப் படிச்சுக் கொடுக்குறான். அவன் ஒண்ணு மட்டும் சொல்லச் சொன்னான். புள்ள கலாசாலைக்குப் போகணும்னா போய் முடிச்சிட்டு வரட்டுமாம். ரெண்டு வருஷத்துல நான் ஒண்ணும் கெழவனாகிட மாட்டேன்னான்.”

உள்அறைத் திரைச்சீலை அதுவரை ஆடிக்கொண்டிருந்தது. இப்போது அசையாமல் நின்றது.

ஜுனைதா அந்தத் திரைச்சீலையின் கீழே பார்த்தாள். ஆஸியாவின் கால்விரல்கள் தெரிந்தன.

இந்த இடத்தில் ஜுனைதாவின் மனசுக்குள் என்ன ஓடியது என்று மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் லேசு. மாப்பிள்ளை குறை சொல்ல முடியாதவன். யாரும் சிரிக்கப்போவதில்லை. அதோடு, சம்பந்தி வீட்டுக்குத் தினமும் பீங்கான் கொண்டுபோவதை உலகத்தில் யார் தடுக்க முடியும்? அவளுடைய அரை மணி அவளுக்குக் கடைசிவரை கிடைக்கும், ஹலாலாக.

வாயைத் திறந்தாலோ, நாளைக்குத் தெரு முழுக்கச் சிரிக்கும். வெறும் பீங்கானை எந்தப் பெண் இனித் தூக்கிக்கொண்டு வெளியே இறங்குவாள்? நடை அன்றோடு முடிந்துவிடும். திரும்பவும் குசினி, கிணற்றடி, மாத்திரை, தலைச்சுற்று.

அவளுக்கு அந்த அரை மணி வேண்டும். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசே இல்லை.

ஆனால் திரைச்சீலைக்குக் கீழே அந்தக் கால்விரல்கள், குளிருக்கு ஒடுங்குகிற மாதிரி ஒடுங்கியிருந்தன. தன்னை வாசல் வாசலாகத் தூக்கிக்கொண்டு போனாள் என்று உம்மாவைப் பற்றி நினைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளையின் கால்கள்.

“ஹாஜியார், என்னை மாப் பண்ணணும்,” என்றாள் ஜுனைதா. “அந்தப் பீங்கான்ல ஒண்ணும் இருக்கல்ல.”

“அதுக்கென்ன தங்கச்சி, நாங்க என்ன பலகாரத்துக்கா ஆசப்பட்டோம்?”

“அப்படியில்ல. நான் ஒங்கட வீட்டுக்கு வரவே இல்ல. டாக்டர் நடக்கச் சொன்னாங்க. எங்கட வீட்டுல இருந்து ஒங்கட கேட்டுக்குச் சரியாப் பதினஞ்சு நிமிஷம். அதுக்காகத்தான் அங்க வந்து திரும்பினேன். வெறுங்கையோட போனா எல்லாரும் கேள்வி கேக்குறாங்கன்னு வெறும் பீங்கான மூடித் தூக்கிட்டுப் போனேன். ஆஸியாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. என்ட புள்ளய நான் யார்ட வாசல்லயும் கொண்டு போய் வெக்கல்ல.”

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. அந்த வருஷம் கரண்ட் வெட்டு அப்படி. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது.

முதலில் சிரித்தது கைறுன்னிஸாதான். முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

“நான் சொன்னேனா இல்லியா?” என்றாள் கணவனைப் பார்த்து. “சாப்பாட்டுப் பீங்கான் சத்தம் போடாது. இது வரும்போதே கிணுங் கிணுங்னு வரும். உள்ள கோப்பை தனியா ஆடுதுன்னு எனக்கு அண்டைக்கே தெரியும். ஏன்னுதான் தெரியல்ல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் நான் இண்டைக்கு வந்ததே.”

“அப்ப என்ட்ட ஏன் சொல்லல்ல?” என்றார் ஹாஜியார்.

“சொன்னேன். நீங்க உருகிக்கிட்டு இருந்தீங்க.”

பிறகு ஜுனைதாவின் பக்கம் திரும்பி, குரலை இறக்கினாள். “எனக்குச் சீனி வருத்தம் தங்கச்சி. எனக்கும் நடக்கச் சொல்லி ஒரு வருஷமாச்சு. நடக்கப் போறேன்னு இவர்ட்ட சொன்னா, எங்க போகணும் சொல்லு, நானே வாங்கிட்டு வாறேன் என்பாரு.”

ஜுனைதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அப்படியே முத்தலிப்பைத் திரும்பிப் பார்த்தாள். பயந்து பயந்துதான் பார்த்தாள். அவர் மட்டும் கொஞ்சமும் ஆச்சரியப்படாமல் உட்கார்ந்திருந்தார்.

“எனக்குத் தெரியும்,” என்றார் முத்தலிப்.

“என்ன தெரியும்?”

“பீங்கான் வெறுசுன்னு தெரியும். ரெண்டாவது கிழமையே தெரியும். அந்தத் தடையில நிக்கிற சார்ஜன் என்னை நிப்பாட்டி, ஒங்கட நோனா நேத்து நடக்க வரல்லியே, சுகமில்லையான்னு கேட்டாரு. வெறும் பீங்கான் கதையையும் அவர்தான் சொன்னாரு.”

“அப்ப ஏன் என்ட்ட கேக்கல்ல?”

முத்தலிப் சாரத்தின் மடிப்பை நீவினார். வேற்று மனிதர் முன்னால் மனைவியிடம் இப்படிப் பேசிப் பழக்கமில்லாத மனிதர் அவர்.

“கேட்டா நீ நிறுத்திடுவ. குசினிக்கும் கிணத்தடிக்கும் நடக்கிறது போதாதான்னு கேட்டவன் நான். அந்தப் பேச்சு என் தொண்டையிலயே நிக்குது. ஆனா நீ அந்த ரெண்டு கிழமையில ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுக்கு உக்காந்து, என்னமோ நெனச்சுச் சிரிச்ச. எத்தன வருஷத்துக்குப் பொறகு சிரிச்ச. அதை நிறுத்த எனக்கு மனசு வரல்ல.”

ஜுனைதா தலையைக் குனிந்துகொண்டாள். இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளிடம் இவ்வளவு நீளமாகப் பேசினது இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. இதற்காகவே இன்னும் நாலு மாதம் பீங்கான் தூக்கலாம் போலிருந்தது.

ஆனால் கைறுன்னிஸா விடுகிறவள் இல்லை. “அது சரி, நேத்து இவரு போன் எடுத்தப்பவாவது சொல்லியிருக்கலாமே?”

“பீங்கான் வெறுசா இருந்தா என்ன ராத்தா,” என்றார் முத்தலிப். “மாப்பிள்ளை நல்ல மாப்பிள்ளைதானே.”

இந்தத் தடவை ஹாஜியாரே சிரித்துவிட்டார். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்தும் ஏதோ ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, விம்மலா என்று சொல்ல முடியவில்லை.

“அப்ப நாங்க வந்த விஷயம்?” என்று ஹாஜியார் மெதுவாகக் கேட்டார்.

“அதை ஆஸியாட்டத்தான் கேக்கணும் நானா. பீங்கான்ட்ட கேக்க ஏலாது,” என்றாள் ஜுனைதா.

போகும்போது கைறுன்னிஸா ஜுனைதாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். “நாளைக்கு வழக்கமான நேரத்துக்கு வாங்க தங்கச்சி. அரைவழிக்கு நான் எதிர வாறேன்.” பச்சைத் துணி மூடின பீங்கானை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். உள்ளே தொதலும் பேரீச்சம்பழமும் இருந்தன.

அவர்கள் போன பிறகு ஆஸியா வெளியே வந்தாள். நேரே குசினிக்குப் போய், உம்மாவின் பீங்கானை எடுத்தாள். கோப்பையைக் கவிழ்த்தாள். மணித்துணியைப் போட்டாள். முன்சாலையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் நடந்து பார்த்தாள்.

கிணுங் கிணுங்.

“உண்மையாத்தான் நடந்தீங்களா உம்மா?” என்றாள். கண் நிறைந்திருந்தது. “நாலு மாசமும் இப்படியேவா?”

“மழை நாள்ல மட்டும் போகல்ல,” என்றாள் ஜுனைதா.

ஆஸியா பீங்கானை வைத்துவிட்டு வந்து, உம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஹுசைனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜுனைதாவும் கேட்கவில்லை.

*

மறுநாள் பகல் ஜுனைதா உட்கார்ந்து சாப்பிட்டாள். அஸர் தொழுதுவிட்டு, செருப்பை மாட்டி, வெறுங்கையோடு வாசலுக்கு வந்தாள். யாராவது எங்கே என்று கேட்டால் ‘சும்மா’ என்று சொல்வது என்று முடிவெடுத்திருந்தாள். கடைக்குத் திரும்பிப் போகக் கிளம்பின முத்தலிப், “கேட்டா, நான் நடக்கச் சொன்னேன்னு சொல்லாத. சும்மான்னு நீயாவே சொல்லு,” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாலு மாதத்தில் முதல் தடவையாக ரெண்டு கையையும் வீசி நடக்கப்போகிறாள். டாக்டரம்மா முதலிலேயே அப்படித்தான் சொல்லியிருந்தார்.

“உம்மா, கொஞ்சம் நில்லுங்க.”

ஆஸியா உள்ளேயிருந்து வந்தாள். கையில் பச்சைத் துணி மூடின பீங்கான்.

“அவங்கட பீங்கான். வெறுசாத் திருப்பிக் கொடுக்க ஏலாதுதானே,” என்றாள், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு. “வட்டிலப்பம் போட்டேன். நீங்க தூங்கிக்கிட்டு இருக்கும்போது அவிச்சேன்.”

போச்சு, கை வீசுகிற நடை. ஜுனைதா ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நல்ல கனம்.

லைட் கம்பத்தடியில் ஒருத்தி சலாம் சொன்னாள். எங்கே என்று கேட்கவில்லை. ‘சும்மா’ என்ற சொல் ஜுனைதாவின் வாயிலேயே மிஞ்சிப்போனது.

தடையில் சார்ஜன் எழுந்து நின்றார். முகத்தில் குழப்பம்.

“அம்மே, இண்டைக்குச் சத்தமில்லையே?” என்றார் சிங்களத்தில்.

“இண்டைக்கு உள்ள சாமான் இருக்கு.”

அவர் சட்டப்படி துணியைத் தூக்கினார். வட்டிலப்பம் பளபளவென்று இருந்தது. மேலே கஜு பருப்பு, ஒவ்வொன்றாக அடுக்கினது. சார்ஜன் மூக்கை இழுத்து வாசம் பிடித்தார். பிறகு பீங்கானின் ஓரத்தை விரலால் காட்டினார்.

துணி மடிப்பில் ஒரு காகிதம். நாலாக மடித்து, எண்ணெய் படாமல் வாழையிலைத் துண்டில் வைத்திருந்தது. மேலே பெயர் எழுதவில்லை. கைறுன்னிஸாவுக்கா, அவள் மகனுக்கா? ஆம் என்றா, இல்லை என்றா?

ஜுனைதாவின் விரல் அந்தக் காகிதம் வரைக்கும் போனது. பெற்றவளின் விரல், போகாமல் என்ன செய்யும். ஒரு மூச்சு விட்டாள். இன்னொரு மூச்சும் விட்டாள். நாலு மாதம் தன் பீங்கானின் துணியை யாரும் தூக்கிப் பார்க்கக்கூடாது என்று அவள் எவ்வளவு வேண்டியிருப்பாள். தூக்கிப் பார்க்காமலே தெரிந்துவைத்துக்கொண்டு வீட்டில் ஒரு மனிதர் பேசாமலும் இருந்தார்.

அவள் விரலை எடுத்தாள். துணியை இழுத்து, நாலு மூலையும் சரியாக வரும்படி மூடினாள்.

“போங்க அம்மே,” என்று சார்ஜன் வழிவிட்டார்.

ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. வளைவு திரும்புவதற்கு முன்னாலேயே, எதிர்ப்பக்கத்திலிருந்து அவளுக்கு நன்றாகப் பழகின அந்தச் சத்தம் கேட்டது.

கிணுங் கிணுங்.

கைறுன்னிஸா வந்துகொண்டிருந்தாள். முக்காட்டை இழுத்துச் செருகி, முகமெல்லாம் சிரிப்பாக, கையில் மூடின பீங்கானோடு. ஜுனைதாவின் பீங்கான் மட்டும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.